நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது

“டீச்சர், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு.”

கணினிக் கூடத்தில் என் காதில் அதிகம் விழும் வசனம் இதுதான். வீடுகளிலும் அப்படித்தான். கிரைண்டரோ ஃபோனோ லெப்டொப்போ எது நின்றாலும் பிள்ளை முதலில் சொல்வது இதைத்தான். உடனே வரும் பதிலும் நமக்கெல்லாம் மனப்பாடம்: “நீ என்னத்தச் செஞ்ச?” சொன்னது மகன் என்றால் “கடையில காட்டிப் பாரு” என்பார்கள். மகள் என்றால் “ஒனக்கு ஏன் இந்த வேலை” என்பார்கள். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நான் கேட்ட வீடுகள் குறைவும் அல்ல.

இந்த இரண்டு வசனங்களில் முதலாவது ஒரு சாட்சியம். இரண்டாவது அதற்கான பதிலே அல்ல. இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன். ஒரு பிள்ளை “நேற்று வரை வேலை செய்தது” என்று சொன்னால் நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியது என்று தேட வேண்டும். அந்தத் தேடலைப் பிள்ளையே செய்யலாம், அதிலும் நம் பெண்பிள்ளைகள் நன்றாகவே செய்வார்கள்.

இந்த வசனத்தைச் சட்டம் போல மதிக்கும் ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது. அது லினக்ஸ் கேர்னல். பணிசெயல் முறைமை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதன் நடுவில் இருந்துகொண்டு நினைவகத்தையும் திரையையும் வயர்லெஸ்ஸையும் பெட்டரியையும் பங்குபோட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்குத்தான் கேர்னல் என்று பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இந்தக் கேர்னலை இன்று உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதுகிறார்கள். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ரொய்ட் ஃபோனுக்குள்ளும் அதுதான் ஓடுகிறது. முன்பு வேலை செய்த ஒன்று புதிய பதிப்பில் வேலை செய்யாமல் போனால் அவர்கள் அதை ‘ரிக்ரெஷன்’ என்பார்கள், நாம் பின்னடைவு என்று சொல்லலாம். புதிய பதிப்பு எத்தனை நல்ல விஷயங்களைக் கொண்டுவந்தாலும் பழையதைக் கெடுத்தால் அது குற்றம் என்பதே அங்குள்ள முதல் விதி. பாவிப்பவர் சரியாகத்தான் பாவித்தாரா என்ற கேள்வியெல்லாம் பிறகுதான்.

பின்னடைவுகளிலேயே பிடிபடாதது மின் முகாமைத்துவத்தில் வருவது. திரை கறுத்துப்போனால் உடனே தெரியும். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவானால் யாருக்குத் தெரியும்? எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பெட்டரி மட்டும் சற்று முன்னதாக முடியும், நாமும் “பழசாப் போச்சு” என்று சொல்லிவிடுவோம்.

மின்சாரத்தைப் பற்றிப் பொல்பிட்டியவில் இருந்துகொண்டு பேசுவதில் எனக்கு ஒரு தனி ருசி உண்டு. எங்கள் ஊருக்கு நீர் வரும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். காசல்ரீயில் தேங்கும் நீர் விமலசுரேந்திர மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோர்ட்டன் வழியாகப் பழைய லக்ஷபானவுக்கு இறங்குகிறது. மவுஸ்ஸாகலை நீர் கனியனைச் சுழற்றிவிட்டுப் புதிய லக்ஷபானவுக்கு வருகிறது. இரண்டும் லக்ஷபான குளத்தில் சேர்ந்து, 1969இல் இயங்கத் தொடங்கிய எங்கள் பொல்பிட்டிய நிலையத்துக்கு வருகின்றன. ஒரே தண்ணீர் பல தடவை வேலை செய்கிறது. இங்கே நீர் குறைந்தால் பொல்பிட்டியவின் சுழலியை மட்டும் கழற்றிப் பார்த்து என்ன பயன்? மேலே ஏதாவதொரு மதகு மூடியிருக்கலாம். குறை தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் இன்னொன்று. கணினியிலும் அதே கதைதான்.

மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு மின்வெட்டு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரத்தை வெட்டினார்களே, அப்போது நாங்களும் இருட்டில்தான் இருந்தோம். மீதமிருந்த பெட்டரி இரண்டு மணித்தியாலமா மூன்றா என்பது அந்த நாட்களில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

இனி 2011ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த மார்ச் மாதம் லினக்ஸ் கேர்னலின் 2.6.38 பதிப்பு வெளிவந்தது. ஏப்ரலில் வந்த உபுந்து 11.04 அதைத்தான் கொண்டிருந்தது. சில நாட்களில் மடிக்கணினி வைத்திருந்தவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பெட்டரி நிற்பதில்லை, அடிப்பக்கம் சுடுகிறது, விசிறி ஓயாமல் ஓடுகிறது என்றார்கள். எல்லோருக்கும் இது நடக்கவில்லை. ஒரு மாடலில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. வந்த பதில்களில் சில நம் வீட்டுப் பதில் மாதிரியே இருந்தன: உன் பெட்டரி பழசு, உன் அமைப்பு பிழை.

இதை விடாமல் பிடித்தவர் மைக்கல் லாரபல். அவர் கேர்னல் எழுதுபவர் அல்லர். ஃபொரோனிக்ஸ் என்ற பெயரில் கணினிகளைச் சோதித்து எழுதிவந்தவர். அவரிடம் இருந்தவை சில மடிக்கணினிகளும், மின் செலவை வொட் கணக்கில் காட்டும் மானியும், சோதனையைத் தானாகத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் ஒரு மென்பொருளும்தான். அதே மெஷினில் பழைய பதிப்பைப் போட்டு அளந்தார், புதியதைப் போட்டு அளந்தார். சில கணினிகளில் பத்து சதவீதத்துக்கும் மேல் செலவு கூடியிருந்தது. அப்போது அது முறைப்பாடாக இல்லாமல் ஓர் எண்ணாக மாறிவிட்டது. எண்ணைப் பார்த்து “நீ என்னத்தச் செஞ்ச” என்று கேட்க முடியாது.

சரி, எது மாறியது? ஒரு பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் இடையில் கேர்னலில் ஏறத்தாழப் பத்தாயிரம் சின்னச்சின்ன மாற்றங்கள் சேர்கின்றன. அதில் ஒன்று குற்றவாளி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது.

இதற்கு வழி எங்கள் மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் தண்ணீர் வீட்டுக்கு வருகிறது. ஒருநாள் காலை வரவில்லை. குழாய் அரை மைல் நீளம். அடியிலிருந்து நுனிவரை தடவிக்கொண்டா போவோம்? நேரே நடு இணைப்புக்குப் போய்க் கழற்றிப் பார்ப்போம். அங்கே தண்ணீர் வந்தால் மேல்பாதி சுகம், கோளாறு கீழ்ப்பாதியில். பிறகு கீழ்ப்பாதியின் நடுவுக்குப் போவோம். லினஸ் 2005இல் உருவாக்கிய கிட் என்ற கருவியில் இந்தப் பாதிபாதியாக்கும் வேலைக்கு ‘பைசெக்ட்’ என்று பெயர். பத்தாயிரத்தைப் பாதியாக்கினால் ஐயாயிரம், பிறகு இரண்டாயிரத்து ஐந்நூறு. இப்படிப் போனால் பதினான்கு தடவைக்குள் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்போம். மடக்கை எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்: இரண்டின் பதினான்காம் அடுக்கு 16,384.

பதினான்கு தடவை என்றாலும் லேசான வேலை இல்லை. ஒவ்வொரு தடவையும் கேர்னலைத் தொகுத்து, நிறுவி, மெஷினை மீண்டும் இயக்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து, அளந்து, எழுத வேண்டும். ஒரு தடவை பிழையாக அளந்துவிட்டால் அடுத்த அடி எல்லாமே தவறான பாதிக்குள் போய்விடும். இதற்குப் பெரிய மூளை வேண்டும் என்பதைவிட ஒழுங்காகக் குறித்துவைக்கும் கை வேண்டும். தையல் அளவுகளைக் கொப்பியில் எழுதிவைத்து ஆறு மாதம் கழித்தும் எடுத்துக் காட்டும் உம்மாமார் எத்தனை பேரை எனக்குத் தெரியும்!

2011 ஜூனில் லாரபல் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அதன் கதை எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் அதில் கெட்டவர் ஒருவரும் இல்லை.

கணினிக்குள் வயர்லெஸ் அட்டை, வரைகலை அட்டை போன்றவை பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்புகளால் கோக்கப்பட்டிருக்கும். பேச்சு இல்லாத நேரம் அந்த இணைப்புகள் கண் அயரலாம். அதற்கு ஏஎஸ்பிஎம் என்று பெயர். ஒவ்வொரு இணைப்பும் மிச்சப்படுத்துவது கொஞ்சம்தான், ஆனாலும் நாள் முழுக்கச் சேர்ந்தால் பெட்டரியில் தெரியும். கணினியை உற்பத்தி செய்பவர் உள்ளே வைக்கும் பயோஸ், பணிசெயல் முறைமைக்குச் சில குறிப்புகளைக் கொடுக்கும். அதில் ஒன்று: “இந்த மெஷினில் ஏஎஸ்பிஎம் வேண்டாம்.” அப்போது ரெட் ஹெட் நிறுவனத்தில் இருந்த மத்தியூ கரெட் இந்தக் குறிப்புக்குக் கேர்னல் கீழ்ப்படிய வேண்டும் என்று நினைத்து ஒரு மாற்றம் எழுதினார். குறிப்பு இருந்தால் எல்லா இணைப்புகளிலும் அந்தத் தூக்கத்தை அணைத்துவிடு என்பதே அது. படித்துப் பார்த்தால் நியாயமான மாற்றம். எந்த ஆசிரியரும் சரி போடுவார்.

ஆனால் பல மெஷின்களில் பயோஸ் தானே ஏற்கெனவே அந்தத் தூக்கத்தைச் சரியாகப் போட்டுவைத்துவிட்டுத்தான் அப்படிச் சொல்லியிருந்தது. அதன் பொருள் ‘அணை’ என்பதல்ல, ‘நீ கை வைக்காதே’ என்பது. உம்மா வெளியே போகும்போது “நான் வரும்வரைக்கும் அடுப்பில் கை வைக்காதே” என்கிறார். அடுப்பில் சோறு தணலில் இருக்கிறது. சொற்கேட்கும் பிள்ளை, அடுப்பு ஆபத்து என்று எண்ணி அதை அணைத்துவிடுகிறது. பிள்ளை கீழ்ப்படிந்தது, சோறு வேகவில்லை.

காரணம் தெரிந்த பிறகும் தீர்வு உடனே வரவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும், விதி இருக்கிறது என்பதால் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடுவதில்லை. தூக்கத்தை வலிந்து போடும் ஒரு கட்டளையைச் சிலர் பாவித்தார்கள். சில மெஷின்கள் அதனால் அப்படியே உறைந்து நின்றன. மாதங்கள் போயின. அந்த வருடக் கடைசியில் கரெட் தானே திரும்பி வந்தார். விண்டோஸ் இதே குறிப்பைக் கண்டால் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மைக்ரோசொப்ட்டின் விளக்கவுரை ஒன்றிலிருந்து யோசித்து, கட்டுப்பாடு தன்னிடம் ஒப்படைக்கப்படாவிட்டால் அது எதையுமே தொடாது என்ற முடிவுக்கு வந்தார். தன் பழைய மாற்றத்தையே திருத்தி எழுதினார். 2012 பெப்ரவரியில் 3.2.5 பதிப்பிலும், மார்ச்சில் வந்த 3.3 பதிப்பிலும் அது சேர்ந்தது. மார்ச்சிலிருந்து பெப்ரவரி வரை, கிட்டத்தட்டப் பதினொரு மாதம். மாற்றத்தை எழுதியவரும் திருத்தியவரும் ஒரே ஆள், இரண்டும் அவர் பெயரிலேயே யாரும் பார்க்கும்படி கிடக்கின்றன. இடைக்குறிப்பாக ஒன்று: கரெட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றது கணினியில் அல்ல, மரபியலில். உயிரியல் பிரிவு மாணவியர் இதைக் கவனிக்கவும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பெரிய மனிதர்களின் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்கள். சென்ற வருடம் உயர்தர மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். பழைய லெப்டொப், இரண்டாம் கையாக வாங்கியது, லினக்ஸ் போட்டது. இரவில் மூடிவைத்தால் காலையில் பெட்டரி பாதியாகிவிடுகிறது, பையில் வைத்தால் சுடுகிறது என்றார். கடையொன்றில் காட்டியதற்குப் பெட்டரியை மாற்றச் சொல்லி, அவருடைய வாப்பாவின் பல நாள் சம்பளத்துக்குச் சமமான ஒரு தொகையைக் கேட்டிருக்கிறார்கள். “வாப்பாட்டக் கேக்க ஏலா டீச்சர்” என்றார்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: இது கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா, ஒரே நாளில் வந்ததா? இந்தக் கேள்வி மிக முக்கியம். லித்தியம் பெட்டரி தேயும், அது உண்மை. ஆனால் தேய்வது படிப்படியாக இறங்கும் சரிவு. ஒரே நாளில் விழுவது சரிவல்ல, அது படிக்கட்டு. படிக்கட்டு இருந்தால் அங்கே யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள். அவர் யோசித்துவிட்டு, “அப்டேட் போட்டதுக்குப் பொறகுதான்” என்றார். நினைவை மட்டும் நம்ப முடியாது, எனக்கும் அவருக்கும்தான். ஆகவே அளந்தோம். அவருடைய கணினியில், பலவற்றில் இருப்பதுபோல, பழைய கேர்னலும் தொடக்கப் பட்டியலில் தங்கியிருந்தது. இரண்டு இரவு பழையதில், இரண்டு இரவு புதியதில் மூடிவைத்து, மஃரிபுக்குப் பிறகு ஒரு எண், சுபஹுக்குப் பிறகு ஒரு எண் என்று கொப்பியில் எழுதினார். பழையதில் ஓர் இரவுக்கு நாலைந்து சதவீதம்தான் இறங்கியது. புதியதில் நாற்பதுக்கு மேல். பெட்டரி ஒன்றுதான், கேர்னல்தான் வேறு.

கணினியை மூடும்போது கேர்னல் ஒவ்வொரு ட்ரைவரையும் ஒழுங்குப்படி தூங்கச் சொல்லும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் இயந்திரங்களை வரிசைப்படி நிறுத்துவது போல. ஒன்று மட்டும் நிற்காமல் ஓடினால் வெளியே கதவு பூட்டியிருந்தாலும் உள்ளே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். எது என்று கண்டுபிடிக்கும் வரை நாங்கள் போகவில்லை, பரீட்சை இருந்தது. பழைய கேர்னலிலேயே இருந்துகொள்ளச் சொன்னேன். ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை, ஒரு சதமும் செலவாகவில்லை. ஆனால் மாதிரி, பதிப்பு எண்கள், நான்கு இரவுகளின் அளவுகள் எல்லாவற்றையும் அவரே ஆங்கிலத்தில் எழுதி முறைப்பாடாக அனுப்பினார். அகராதி பார்த்து எழுதிய பத்து வரி. என் கணிப்பில் அந்தப் பத்து வரி அவர் அந்த வருடம் செய்த செயற்றிட்டத்தைவிட மேலானது.

பெற்றோரில் சிலர் சொல்வார்கள்: இது பரீட்சையில் வராது, பிள்ளைக்கு நேரம் வீண். பரீட்சையில் வராது என்பது உண்மை. நாம் பணிசெயல் முறைமையின் தொழிற்பாடுகளை ஐந்து புள்ளிகளில் எழுதப் பழக்குகிறோம், ஒரு கோளாறு வந்தால் எப்படித் தேடுவது என்று பழக்குவதில்லை. புள்ளிகள் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுகின்றன. நாளை இந்தப் பிள்ளை வைத்தியசாலையில் தாதியாக இருக்கலாம், வங்கியில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம். எங்கே இருந்தாலும் ஏதோ ஒன்று நேற்று வரை நன்றாக இருந்து இன்று கெடும். அப்போது “எப்போதிலிருந்து? இடையில் எது மாறியது? பாதியில் பார்த்தால் என்ன தெரிகிறது?” என்று கேட்கத் தெரிந்தவர் வேறு, முதலில் யாரைக் குற்றம் சொல்லலாம் என்று தேடுபவர் வேறு.

இன்னும் சிலர் சொல்வார்கள், இது ஆண்களின் வேலை என்று. அவர்களுக்கு நான் ஷுவா கான் என்ற பெண்மணியின் பெயரைச் சொல்வேன். லினக்ஸ் கேர்னலில் ‘செல்ஃப் டெஸ்ட்’ என்னும் சோதனைத் தொகுதியைப் பராமரிப்பவர் அவர். நேற்று வேலை செய்தது இன்றும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனைகளின் தொழில். செயலியின் மின் செலவைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ‘சிபியு பவர்’ என்ற கருவியும் அவர் பொறுப்பில்தான். லினக்ஸ் பவுண்டேஷன் மிகச் சிலருக்கே கொடுத்த ஃபெலோ பதவியில் இருப்பவர், புதியவர்களுக்குக் கேர்னல் வேலை பழக்கும் திட்டங்களையும் நடத்துகிறார்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் சிறியது. மகள் “நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்திச்சு” என்று சொன்னால், “நீ என்னத்தச் செஞ்ச” என்பதை ஒரு நாளைக்கு ஒத்திவையுங்கள். பதிலாக “எப்ப இருந்து?” என்று கேளுங்கள். அவள் உண்மையிலேயே எதையாவது செய்திருந்தால் அதுவும் அந்தத் தேடலில் வெளிவரும், பயப்படாமல் வெளிவரும். பயந்த பிள்ளை திகதியை மறைக்கும். திகதி இல்லாமல் பாதி பிரிக்க முடியாது.

கணினிக் கூடத்தில் இதற்காக ஒரு சிஆர் கொப்பி கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். நான்கு நிரல்கள்: எது கெட்டது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, இடையில் எது மாறியது, எப்படி அளந்தாய். பெயர் எழுதத் தேவையில்லை. இதுவரை பதினொரு பதிவுகள் வந்திருக்கின்றன. அதில் ஏழு பிரிண்டரைப் பற்றியவை.